டான்சிலில் நல்ல சேதி, கன்னத்தில் அப்படியில்லை

தொண்டைப் புற்றுநோய் என்று பயாப்ஸி எடுத்த ரிப்போர்ட்டில் ‘பி16 பாசிட்டிவ்’ என்றொரு வரி இருந்தால் வீட்டார் பதறிப்போவார்கள். கொரோனாவுக்குப் பிறகு ‘பாசிட்டிவ்’ நமக்குக் கெட்ட வார்த்தை. ஆனால் கட்டி இருப்பது டான்சிலிலோ அடிநாக்கிலோ என்றால், அந்த வரி பெரும்பாலும் நல்ல சேதி.

பி16 நம் செல்களில் இயல்பாகவே இருக்கும் புரதம். செல் கட்டுமீறிப் பெருகாமல் பிரேக் போடுவது அதன் வேலை. புகையிலையால் வந்த கட்டிகளில் பெரும்பாலும் இந்த பிரேக் தொலைந்துபோயிருக்கும். ஹெச்.பி.வி. (ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்) என்ற வைரஸால் வந்த கட்டியில் கதையே வேறு. பி16 மிதிக்கும் பிரேக் ‘ஆர்.பி.’ என்ற இன்னொரு புரதத்தின் வழியாகத்தான் சக்கரத்தைப் பிடிக்கிறது. வைரஸ் அந்த ஆர்.பி.யை முடக்கிவிடுகிறது. செல்லோ விடாமல் பி16-ஐ உற்பத்தி செய்துகொண்டே போகிறது, வண்டி நிற்பதில்லை. அப்படிக் குவிந்த பி16தான் வைரஸ் விட்டுப்போன தடயம். சாயமேற்றிப் பார்க்கும்போது கட்டியின் செல்களில் 70 சதவீதமாவது அழுத்தமாக நிறம் பிடித்தால் பாசிட்டிவ்.

இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதை 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. கியான் ஆங் தலைமையிலான குழு, முற்றிய தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சும் கீமோவும் பெற்றவர்களைப் பின்தொடர்ந்தது. 3 ஆண்டு முடிவில் வைரஸ் கட்டி உள்ளவர்களில் 82.4 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். வைரஸ் இல்லாதவர்களில் 57.1 சதவீதம். வைரஸ் கட்டிகளில் புற்றைத் தடுக்கும் பி53 மரபணு பொதுவாகச் சேதமடையாமல் இருக்கும், அவை கதிர்வீச்சுக்கும் எளிதில் மசியும். ஆனால் தினம் ஒரு பாக்கெட் என்று பத்தாண்டுக்கு மேல் சிகரெட் பிடித்தவருக்கு இந்தச் சலுகை குறைகிறது. வைரஸ் கருணை காட்டினாலும் புகை காட்டுவதில்லை.

இந்த வேறுபாட்டை ஏற்று, 2018இல் நடைமுறைக்கு வந்த புற்றுநோய் நிலைப் பகுப்பு, பி16 பாசிட்டிவ் தொண்டைக் கட்டிகளுக்குத் தனி அட்டவணையே வைத்திருக்கிறது. நோய்தான் சாதுவாயிற்றே, சிகிச்சையைக் குறைக்கலாமே என்ற ஆசையும் எழுந்தது. வழக்கமான கீமோ மருந்தான சிஸ்பிளாட்டினுக்குப் பதில் செடுக்சிமாப் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்த இரண்டு பெரிய ஆய்வுகள் 2018இல் வெளிவந்தன. இரண்டிலும் செடுக்சிமாப் பெற்றவர்கள்தான் அதிகம் இறந்தார்கள். நோய் எப்படிப் போகும் என்று சொல்லும் அடையாளம், எந்த மருந்து பலிக்கும் என்றும் சொல்லிவிடும் என்பதில்லை.

இனி நம் ஊர்க் கதை. இங்கே வாய்ப் புற்றுநோய் அதிகம் வருவது கன்னத்தின் உட்புறத்திலும் ஈறுகளிலும். காரணம் புகையிலையும் பாக்கும். பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் உறுதிசெய்தது. இந்த இடத்துக் கட்டியில் பி16 தெரிந்தாலும் அதை வைரஸின் தடயமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆயுளைக் கணிக்கவும் அது உதவாது. டான்சில் நோயாளியின் கணக்கை இணையத்தில் படித்துவிட்டுக் கன்னப் புற்றுக்காரர் நிம்மதியடைவது தவறு.

கன்னத்துக் கட்டியின் ரிப்போர்ட்டில் தேட வேண்டியது சாதாரண அளவுகோல் விஷயங்களை: கட்டி எத்தனை மில்லிமீட்டர் ஆழம் இறங்கியிருக்கிறது, 5ஐத் தாண்டியதா, 10ஐத் தாண்டியதா, கழுத்து நெறிக்கட்டியில் பரவியிருக்கிறதா, பரவியிருந்தால் அதன் உறையைக் கிழித்து வெளியே வந்துவிட்டதா. கழுத்தில் கைக்கு எதுவும் தட்டுப்படாத ஆரம்ப நிலையிலேயே அந்த நெறிக்கட்டிகளையும் சேர்த்து எடுத்துவிட்டால், 3 ஆண்டு பிழைத்திருப்போர் 67.5 சதவீதத்திலிருந்து 80 சதவீதமாக உயர்வதை மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் ஆய்வு 2015இல் காட்டியது.