வேகமும் விவேகமும்

"பதறாத காரியம் சிதறாது" என்பது நம் முன்னோர் வாக்கு. நெடுஞ்சாலையில் நாம் அதை மறந்துவிடுகிறோம். சென்ற ஆண்டுச் சுற்றுலாவின்போது, "முன்னால் போகும் பஸ்ஸை முந்துங்கள் அண்ணா!" என்று ஓட்டுநரைப் பார்த்துக் கூவினோம். அவர் முந்தவில்லை. 'பயந்தாங்கொள்ளி' என்று கேலி செய்தோம். அறிவியல் பாடம் படித்தபின், அவர் செய்ததே சரி என்று உணர்கிறோம்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் சுமார் 17 மீட்டர் ஓடும். 90 கிலோமீட்டர் வேகத்தில் 25 மீட்டர். ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்குமுன்பே இத்தூரம் கடந்துவிடும். வேகம் இருமடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். பிரேக் பிடித்தபின் வண்டி ஓடும் தூரமும் ஏறத்தாழ அவ்வாறே. அறுபது கிலோமீட்டர் பயணத்தில் 60க்குப் பதில் 80இல் சென்றால் மிச்சமாவது 15 நிமிடமே!

2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 183ஆம் பிரிவின்படி, வேக வரம்பை மீறினால் கார்களுக்கு 1000 முதல் 2000 ரூபாய் வரையும், பஸ், லாரிகளுக்கு 2000 முதல் 4000 ரூபாய் வரையும் அபராதம் உண்டு. மீண்டும் மீறினால் ஓட்டுநர் உரிமம் பறிக்கப்படும். தம் ஓட்டுநரை வேகமாக ஓட்டச் செய்யும் முதலாளிக்கும் தண்டனை உண்டு. அன்று கூவிய எங்களைச் சட்டம் தண்டிக்காது, மனச்சாட்சி விடுமா?

அபராதத்தைக் கட்டிவிடலாம். போன உயிரை எதைக் கொடுத்து மீட்பது? அன்புப் பெற்றோரே, ஆண்டு விழாவுக்குத் தாமதமாக வந்தாலும் பரவாயில்லை. பள்ளி வாயிலில் காத்திருப்போம். பத்திரமாக வாருங்கள்!