கந்தகம் மலிவு, கரையாமல் காப்பதே கஷ்டம்

மின்தடை வந்தால் மயிலாப்பூரிலும் தி.நகரிலும் நம் கடைகளின் விளக்கையும் மின்னணுத் தராசையும் ஓட்டுவது பெரும்பாலும் கனமான ஈய பேட்டரிதான். எடை குறைந்த லித்தியம்-கந்தக பேட்டரிக்கான ஆராய்ச்சி காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையத்திலும் நடந்துள்ளது. வணிகரான டாக்டர் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1953-ல் திறக்கப்பட்ட நிலையம் அது.

கந்தகம் மலிவான சரக்கு. நம் மணலி சுத்திகரிப்பு ஆலையிலேயே உப பொருளாகக் கிடைக்கிறது. சிக்கல், பேட்டரிக்குள் இருக்கும் திரவத்தில்தான். கந்தகம் பாலிசல்பைடாக மாறி அதில் கரைந்து, எதிர்ப்பக்க லித்தியத்தைப் போய்த் தாக்குகிறது. ஓட்டைச் சாக்கில் அரிசி சிந்துவதுபோல, ஒவ்வொரு சார்ஜிலும் சரக்கு குறைகிறது.

ஆகவே திரவத்தைச் சீர்செய்கிறார்கள். லித்தியம் நைட்ரேட் சிறிது சேர்த்தால் லித்தியத்தின் மேல் காப்புப் படலம் உண்டாகிறது. ஆனால் அதுவும் நாளடைவில் தீர்ந்துவிடும். திரவத்தைக் கூடுதலாக ஊற்றினாலோ எடை ஏறிவிடும். பாலிசல்பைடு எளிதில் கரையாத திரவங்களும், திரவத்துக்குப் பதிலாகப் பாலிமர் படலங்களும் சோதனையில் உள்ளன.

எனவே புது பேட்டரி என்று யாரேனும் முன்பணம் கேட்டால், எடையையும் விலையையும் மட்டும் பார்க்காதீர்கள். எத்தனை முறை சார்ஜ் ஏற்றலாம் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு பணம் கொடுங்கள்.