சாமான் பரப்பிய வீடுகள்

செட்டிநாட்டுக் கல்யாணத்தில் சாமான் பரப்புவது என்று ஒரு சடங்கு. பெண்ணுக்குப் பெற்றோர் கொடுக்கும் வெள்ளிச் சாமான், பித்தளை அண்டா, வெண்கலப் பானை, பர்மா அரக்குப் பெட்டி, எனாமல் கேரியர், பீங்கான் ஜாடி, பாய், கொட்டான் எல்லாவற்றையும் வளவில், அதாவது வீட்டின் நடுமுற்றத்தில், வரிசையாகப் பரப்புவார்கள். பார்க்க ஊரே வரும். எது எத்தனை என்று சிட்டை இருக்கும். பாத்திரங்களில் குடும்பத்தின் விலாசம், அதாவது முன்னோர் பெயர்களின் முதலெழுத்து வரிசை, வெட்டப்பட்டிருக்கும். விசேஷம் முடிந்தால் சாமான் அறைக்குள் போய்விடும். அடுத்த விசேஷத்துக்கு மறுபடி வெளியே வரும். கணக்கெழுதுவது, துடைத்துப் பாதுகாப்பது, நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டுவது என, இன்று ஒரு மரபுப் பாதுகாப்பு அமைப்பு ஆள் போட்டுச் செய்யும் வேலையை அன்று ஆச்சிமார் வீட்டு வேலையோடு வேலையாகச் செய்தார்கள்.

நகரத்தார் எனப்படும் செட்டியார்கள் வட்டித் தொழிலில் ஈட்டிய பணம்தான் இத்தனை சாமானையும் வாங்கியது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து 1940-கள் வரை பர்மா, இலங்கை, மலாயாவில் ஈட்டியது செட்டிநாட்டுக்குத் தேக்காகவும், இத்தாலிச் சலவைக்கல்லாகவும், பெல்ஜியம் கண்ணாடியாகவும் வந்து சேர்ந்தது. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவரை நீளும் வீடுகள் எழுந்தன. பிறகு 1930-களின் பொருளாதார மந்தம். கடன் வாங்கியவர்கள் திருப்பித் தர முடியாமல் போக, கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் சுமார் 6 சதவீதமாக இருந்த செட்டியார்களின் நிலம் 1938-ல் சுமார் 25 சதவீதமானது. காகிதத்தில் பெரிய சொத்துதான், கையில் காசில்லை. 1942-ல் ஜப்பானியப் படை வந்ததும் அதையும் விட்டுவிட்டு ஓடிவர வேண்டியதாயிற்று. பிறகு சுதந்திர பர்மா அந்த நிலத்தை எடுத்துக்கொண்டது.

வீடு மிஞ்சியது. ஆனால் வீடு ஒருவருடையதல்ல. கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு புள்ளி. தலைமுறைக்குத் தலைமுறை புள்ளி பெருகும், வீடு பெருகாது. ஓட்டை மாற்றவோ ஒழுக்கை அடைக்கவோ எல்லாப் பங்காளியும் சம்மதிக்க வேண்டும். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் பேச்சுவார்த்தையே இல்லாமல். பணம் இல்லாததால்தான் வீடுகள் விழுந்தன என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கென்னவோ, பணத்தைவிடப் பங்குதான் அதிக வீடுகளை இடித்தது என்று தோன்றுகிறது. நின்ற வீட்டைப் பங்கு போட முடியாது. இடித்து விற்ற காசைப் பங்கு போடலாம்.

அப்படி விற்றவை வந்து சேர்ந்த இடம் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு. பழம்பொருள் கடைகளுக்குப் பேர்போன தெரு அது. கஜலட்சுமி செதுக்கிய நிலையைச் சுவரில்லாமல் நிறுத்தி வைத்திருப்பார்கள். பக்கத்தில் தூண்கள், ரவி வர்மா அச்சுப் படங்கள், தஞ்சாவூர் ஓவியங்கள், அடுக்கடுக்காக எனாமல் தட்டுகள். ஒரு பித்தளைத் தூக்கைக் கையில் எடுத்துத் திருப்பினால் விளிம்போரத்தில் விலாசம் தெரியும். எந்த ஊர், எந்தக் குடும்பம் என்று விவரம் தெரிந்த நகரத்தார் யாரையாவது கேட்டால் ஓரளவு சொல்லிவிடுவார்கள். வாங்குபவருக்கு அந்த எழுத்து ஒரு அழகு, அவ்வளவுதான். நிலை ஒரு ஓட்டல் வரவேற்பறைக்குப் போகும். தூண் இன்னொருவர் பண்ணை வீட்டுக்கு.

மறுபக்கமும் உண்டு. அமெரிக்காவில் பிறந்து சென்னைக்கு வந்த கலை வரலாற்றாளர் டெபோரா தியாகராஜன் 1984-ல் மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளையைத் தொடங்கினார். அதன் தட்சிணசித்ரா என்ற அருங்காட்சியகம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில், சுமார் 10 ஏக்கரில், 1996 டிசம்பரில் திறக்கப்பட்டது. லாரி பேக்கர், பென்னி குரியாகோஸ் ஆகியோர் வடிவமைத்த வளாகம். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய பகுதிகளிலிருந்து இடிபடவிருந்த வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி எழுப்பினார்கள். செட்டிநாட்டு வீடும் அதில் ஒன்று. முன்பு கல்யாணத்துக்கு அழைத்தால்தான் பார்க்கக் கிடைத்த வீட்டை இப்போது டிக்கெட் வாங்கி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள், திகிரியில் களிமண்ணைத் தொட்டுப் பார்க்கிறார்கள், ஓலை முடைகிறார்கள், நவராத்திரிக்குக் கொலு பார்க்கிறார்கள். இது சுற்றுலாக் கேளிக்கை என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. சாதி பார்த்து வாசலிலேயே நிறுத்திய வீடுகளுக்குள் இன்று எல்லாப் பிள்ளைகளும் ஓடியாடுகிறார்கள் என்பதை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஆனால் இப்படி வீட்டை இடம் மாற்றுவதற்கும் எல்லை உண்டு. கேரளத்து மர வீட்டைப் பொருத்துக் கழற்றி மறுபடி பொருத்தலாம். செட்டிநாட்டு வீட்டில் தூணையும் கதவையும் கழற்றலாம். சுண்ணாம்பும் மணலும் கருப்பட்டியும் கடுக்காயும் முட்டை வெண்கருவும் சேர்த்துத் தேய்த்து மெருகேற்றிய சுவரைக் கழற்ற முடியாது. அதைப் புதிதாகத்தான் பூச வேண்டும். பூசத் தெரிந்த கொத்தனார் வேண்டும். அதனால்தான் பொருளைக் காப்பதைவிடக் கையைக் காப்பது பெரிய வேலையாகிறது.

அந்த வேலை செட்டிநாட்டில் ஓரளவு நடந்திருக்கிறது. ஆத்தங்குடியில் தரைக்கல் செய்ய இன்றும் கண்ணாடிப் பலகைமேல் இரும்பு அச்சை வைத்து, சாயம் கலந்த சிமென்ட் கூழை ஒவ்வொரு கட்டத்திலும் கையால் ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்துவிட்டு, மேலே மணலும் சிமென்டும் தூவி, கலவை போட்டு அழுத்தித் தண்ணீரில் ஊறவைக்கிறார்கள். காய்ந்ததும் கண்ணாடி தானாக விட்டுவிடும். அதன் வழவழப்பு கல்லில் தங்கிவிடும். சூளை இல்லை, பாலிஷ் இயந்திரம் இல்லை. வெளிநாட்டுத் தரை ஓடு வாங்க வசதியிருந்த வீடுகளிலேயே இடம்பிடித்த கல், இன்று சென்னை அடுக்குமாடிகளுக்கும் போகிறது. கொட்டான் கதை இன்னும் நெருக்கடியானது. பனையோலையில் ஆச்சிமார் ஓய்வு நேரத்தில் பின்னிய கூடை அது. பின்னத் தெரிந்தவர்கள் வயதான சிலர்தான் என்ற நிலை வந்தபோது, விசாலாட்சி ராமசாமியின் எம்.ஆர்எம்.ஆர்எம். கலாசார அறக்கட்டளை கிராமத்துப் பெண்களுக்கு அதைப் பழக்கியது. நகரத்தார் வீட்டுக் கைவேலை இன்று மற்ற வீட்டுப் பெண்களின் வருமானம். செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்கு 2019-ல் கிடைத்தது.

ஊர்களில் நிலைமை கலவைதான். ஒரு காலத்தில் 96 என்று எண்ணிய ஊர்களில் இன்று 70-க்குச் சற்று மேல் உள்ளன. கானாடுகாத்தானிலும் பிற ஊர்களிலும் சில வீடுகள் தங்கும் விடுதிகளாகிப் பிழைத்துக்கொண்டன. ஓடு மாற்றப்படுகிறது, அடுப்பு எரிகிறது. அதற்கு மேல் என்ன வேண்டும்? செட்டிநாட்டுக் கிராமத் தொகுதிகள் 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. பட்டியலில் பெயர் இருப்பதால் எந்த ஓட்டையும் யாரும் மாற்றிவிடப் போவதில்லை. பூட்டிய வீடுகளில் மழைதான் குடியிருக்கிறது.

வீட்டையும் கையையும் போலக் காகிதத்தையும் காத்தவர் உண்டு. விளம்பரப் பலகை எழுதிய கோட்டையூர்க்காரர் ரோஜா முத்தையா, பிறர் கழித்துப் போட்ட புத்தகத்தையும் இதழையும் அழைப்பிதழையும் சேர்த்து வைத்தார். 1992-ல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கிச் சென்னையிலேயே நூலகமாக்க உதவியது. பாத்திரத்துக்கும் பாய்க்கும் சிட்டை எழுதிய கைகளின் காகிதங்களும் அப்படித்தான் பிழைக்க வேண்டும். உங்கள் வீட்டில் பங்கு பிரிக்கும் பேச்சு தொடங்கியிருந்தால், விற்பதும் வைத்துக்கொள்வதும் உங்கள் விருப்பம். ஆனால் வியாபாரியைக் கூப்பிடுவதற்கு முன், அறைக்கு அறை படம் எடுங்கள். பழைய சிட்டையைத் தேடி எடுத்து நகல் போடுங்கள். எந்தப் பாத்திரம் யார் கல்யாணத்தில் வந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் இந்த மாதமே கேட்டு எழுதி வையுங்கள்.