மயிலிட்டியும் பாதுகாப்பு வேலியும்

வேலி தாக்குதலைத் தடுக்குமா என்னும் வினாவுக்கு மயிலிட்டியின் வரலாறு தக்க சான்றாகும். 1990இல் மக்கள் இடம்பெயர்ந்தபின், பலாலி விமானத்தளத்தைச் சூழ்ந்து வேலியிடப்பட்ட உயர்பாதுகாப்பு வலயத்துள் இம்மீன்பிடித் துறைமுகமும் அடங்கியது. தளத்தை எறிகணை வீச்செல்லைக்கு அப்பால் வைத்தலே வலயத்தின் நோக்கமெனக் கூறப்பட்டது. ஆயின் 1995 ஏப்பிரலில் பலாலியருகே இரு விமானங்கள் ஏவுகணைகளால் வீழ்த்தப்பட்டன. 2006 ஓகஸ்டில் தளத்தின்மீது எறிகணைகள் வீழ்ந்தன. வேலி நடந்து வருவோரைத் தாமதப்படுத்தும். வானில் வருவதை மறிக்காது. ஆயுதத்தின் வீச்சு நீளுந்தோறும் வலயமும் விரியவேண்டியதாகும். அவ்விரிவின் விலையைச் செலுத்தியோர் கடற்றொழிலாளரும் கமக்காரருமே. போர் 2009இல் முடிந்தும் துறைமுகம் 2017 யூலையிலேயே விடுவிக்கப்பட்டது. தாக்குவோர் இல்லாதபோதும் நிலைத்த வேலியின் பயனை, அது தடுத்த தாக்குதல்களைக் கொண்டு மட்டும் அளத்தல் பொருந்தாதென்பதே எமது துணிபு.