புள்ளி விழாத வரி

ஒழுக்கம் ஒரே நாளில் கைவருவதன்று. நாள்தோறும் பழகிப் பழகியே அது மனிதனின் இயல்பாகிறது. இதனை மறுப்பார் இலர். ஆயினும், 'பழகினால் மட்டும் போதுமா?' என்ற வினாவை எழுப்புவோர் மிகச் சிலரே. வைகறையில் துயிலெழுதல், நாட்குறிப்பு எழுதுதல், நேரத்தை அளந்து செலவிடுதல், இரவில் அன்றைய செயல்களை எண்ணிப் பார்த்தல் என்றெல்லாம் தன்முன்னேற்றத்துக்கு வழி கூறும் நூல்கள் இன்று புத்தகசாலைகளில் மலிந்து கிடக்கின்றன. இவ்வகை நூல்களுக்கெல்லாம் மூதாதையர் ஒருவரைச் சுட்டுவதாயின், பதினெட்டாம் நூற்றாண்டில் வட அமெரிக்காவில் வாழ்ந்த பெஞ்சமின் பிராங்கிளினைச் சுட்டலாம். அச்சுக்கூடத்திற் பயிலுநராக வாழ்வைத் தொடங்கி, விஞ்ஞானியாகவும் அரசியல் அறிஞராகவும் உயர்ந்தவர் அவர். தம்மைத் தாமே திருத்திக்கொள்வதற்கு அவர் ஒரு சிறு ஏட்டைக் கையாண்டார். அந்த ஏடு எதனைச் சாதித்தது, எதனைக் காணத் தவறியது என்று நோக்குதல் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் ஒருங்கே பயன் தருவதாகும்.

இரவற் கல்வி

பிராங்கிளின் 1706 ஆம் ஆண்டில் பொஸ்டன் நகரிற் பிறந்தார். தந்தையார் மெழுகுவர்த்தியும் சவர்க்காரமும் செய்து விற்பவர். பிள்ளைகளோ பதினேழு பேர். அக்குடும்பத்தில் ஆண்மக்களுட் கடைசியாகப் பிறந்த இவருக்குப் பள்ளிக் கல்வி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளே கிட்டியது. பன்னிரண்டு வயதில் தமையனாரின் அச்சுக்கூடத்திற் பயிலுநராகச் சேர்ந்தார். பதினாறாம் வயதளவில் மரக்கறி உணவை மேற்கொண்டு, தம் உணவுக்கு ஆகும் செலவிற் பாதியைத் தம் கையில் தந்துவிடுமாறு தமையனாரைக் கேட்டுப் பெற்றார். அதிலும் பாதியை மிச்சப்படுத்திப் புத்தகங்கள் வாங்கினார்.

எழுத்துப் பயிற்சியை அவர் மேற்கொண்ட முறை மாணவர் நன்கு கவனிக்கத்தக்கது. இலண்டனிலிருந்து வெளிவந்த 'ஸ்பெக்டேட்டர்' என்னும் இதழின் தொகுதியொன்று அவர் கைக்கு எட்டியது. அதிலுள்ள கட்டுரையொன்றைப் படித்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்தையும் சிறு குறிப்பாக எழுதிச் சில நாட்கள் ஒதுக்கி வைப்பார். பின்பு மூலத்தைப் பாராது, குறிப்புகளைக் கொண்டே அக்கட்டுரையைத் தம் சொற்களில் எழுதுவார். இறுதியில் இரண்டையும் ஒப்புநோக்கித் தம் பிழைகளைத் திருத்துவார். சிலவேளைகளிற் குறிப்புகளை வேண்டுமென்றே கலைத்துவிட்டு, வாரங்கள் சில கழிந்தபின் அவற்றை மீண்டும் ஒழுங்குபடுத்த முயல்வார். கருத்துகளைக் கோவைப்படுத்தும் ஆற்றல் இதனால் வளர்ந்தது. வேலைக்கு முந்திய காலைப் பொழுதும், வேலைக்குப் பிந்திய இரவும், ஞாயிற்றுக்கிழமையுமே இதற்கென அவருக்குக் கிடைத்த நேரம்.

தன் குறையைத் தானே காண்பதற்கு ஓர் அளவுகோல் வேண்டும் என்பதை அச்சிறுவன் இளமையிலேயே உணர்ந்திருந்தான் என்பது இதனாற் புலனாகும். எழுத்துக்கு அளவுகோலாய் மூலக் கட்டுரை இருந்தது. ஒழுக்கத்துக்கு அளவுகோல் யாது?

பதின்மூன்று வரிகள்

1723 இல், பதினேழாம் வயதில், தமையனாரை விட்டுப் பிரிந்து பிலடெல்பியா நகரை அடைந்த பிராங்கிளின், சில ஆண்டுகளில் அங்கே சொந்தமாக அச்சுக்கூடம் நிறுவினார். 1730 களின் முற்பகுதியில் ஒழுக்கத்திற் பூரணத்துவம் அடைந்தே தீர்வதெனத் துணிந்தார். நல்லது எது, தீயது எது என்று அறிந்திருந்தும் பழக்கம் மனத்தை இழுத்துச் செல்வதைக் கண்டார். ஆகவே பழக்கத்தைப் பழக்கத்தாலேயே வெல்லக் கருதினார்.

மிதமான ஊண், வீண்சொல் தவிர்த்தல், ஒழுங்கு, உறுதி, சிக்கனம், உழைப்பு, வாய்மை, நீதி, நடுநிலை, தூய்மை, மன அமைதி, கற்பொழுக்கம், பணிவு எனப் பதின்மூன்று அறங்களை அவர் நிரைப்படுத்தினார். ஒரு சிறு ஏட்டில், அறம் ஒன்றுக்கு ஒரு பக்கமாக ஒதுக்கினார். ஒவ்வொரு பக்கத்திலும் கிழமை நாட்களுக்கென ஏழு நிரல்களும், அறங்களுக்கெனப் பதின்மூன்று வரிகளும் சிவப்பு மையினாற் கோடிடப்பெற்றன. அன்றன்று நேர்ந்த தவறு ஒவ்வொன்றுக்கும் உரிய கட்டத்தில் ஒரு கரும்புள்ளி விழும். வாரத்துக்கு ஓர் அறம் என்ற கணக்கில் அதனைச் சிறப்பாகக் கவனித்து, அதன் வரியிற் புள்ளி விழாது காக்க முயல்வார். பதின்மூன்று வாரங்களில் ஒரு சுற்று முடியும். ஆண்டுக்கு நான்கு சுற்றுகள். தோட்டத்திற் களையெடுப்பவன் எல்லாக் களைகளையும் ஒரே நேரத்திற் பிடுங்க முற்படாது பாத்தி பாத்தியாகச் செல்வதைப் போன்றது இது என்று அவரே விளக்கியுள்ளார்.

புள்ளிகளை அழித்து அழித்துத் தாள் ஓட்டையாகிவிட்டமையால், பின்னர் யானைத் தந்தத் தகடுகளிற் கோடிட்டு, பென்சிலாற் குறித்து, ஈரப் பஞ்சினால் துடைத்துக்கொண்டார். ஐந்து மணிக்கு எழுந்ததும் அன்று செய்யத்தக்க நன்மை யாதெனவும், இரவில் உறங்கச் செல்லுமுன் செய்த நன்மை யாதெனவும் தம்மைத் தாமே வினவிக்கொள்வதும் இத்திட்டத்தின் ஒரு பகுதியாகும்.

பயன் யாது? பூரணத்துவம் வாய்க்கவில்லை. சிறப்பாக 'ஒழுங்கு' என்னும் அறம் அவரை இறுதிவரை அலைக்கழித்தது. கோடரி முழுவதையும் பளபளக்கச் செய்யுமாறு கொல்லனிடம் கேட்டவன், சாணைச் சக்கரத்தைத் தானே சுழற்ற நேர்ந்தபோது களைத்துப்போய், புள்ளியுள்ள கோடரியே தனக்குப் பிடிக்கும் என்று கூறிச் சென்ற கதையைத் தம் நிலைக்கு உவமையாக்கி அவர் நகைக்கிறார். எனினும் 1784 இல், பாரிசுக்கு அண்மையிலுள்ள பாசியில் தங்கியிருந்து சுயசரிதையின் இப்பகுதியை எழுதியபோது, அம்முயற்சியை மேற்கொள்ளாதிருந்தால் தாம் இவ்வளவு நல்லவராகவும் மகிழ்ச்சியுடையவராகவும் ஆகியிரார் என்றே கூறினார். நாள்தோறும் செய்யும் சிறு கணக்கு மனிதனை உயர்த்தும் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

நண்பர் சேர்த்த அறம்

இங்கே ஒரு செய்தியை நாம் ஊன்றி நோக்க வேண்டும். பிராங்கிளின் முதலில் வகுத்த அறங்கள் பன்னிரண்டே. பதின்மூன்றாவதாகிய பணிவு அவர் தாமாகக் கண்டதன்று. குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்த நண்பரொருவர், 'உம்மைச் செருக்குடையவர் என்றே பலரும் கருதுகின்றனர். உரையாடலில் உம் கருத்து சரியென நிறுவுவதோடு அமையாது, பிறரை அடக்கவும் முற்படுகிறீர்' எனும் கருத்துப்பட, எடுத்துக்காட்டுகளுடன் எடுத்துரைத்தார். அதன் பின்னரே பணிவுக்கு ஒரு வரி கோடிடப்பெற்றது. 'ஐயமின்றி', 'நிச்சயமாக' என்ற சொற்களை விடுத்து, 'எனக்கு இவ்வாறு தோன்றுகிறது' என்று பேசும் வழக்கத்தை அவர் மேற்கொண்டார். தம் உண்மையான செருக்கு முற்றாக ஒழிந்துவிட்டதென்று அவர் சொல்லிக்கொள்ளவில்லை. ஆயினும் பொதுச் சபைகளில் தம் சொல்லுக்கு மதிப்பு ஏற்பட்டமைக்கு இவ்வழக்கமே பெருங் காரணம் என்று எழுதினார்.

நாள்தோறும் தன்னைச் சோதித்த ஒருவருக்கு, ஊரார் யாவரும் அறிந்த தம் குறை மட்டும் தெரியாதிருந்தது. ஏடு பொய் சொல்லவில்லை. எழுதப்படாத அறத்தைப் பற்றி அதனால் எதுவும் சொல்ல இயலவில்லை, அவ்வளவே.

நீதியின் வரி

இதனினும் கனத்த குறையொன்று அவர் வாழ்வில் இருந்தது. பிராங்கிளின் அடிமைகளை உடையவராக வாழ்ந்தார். பீற்றர், கிங் என்னும் அடிமைகள் இருவர் 1757 இல் அவருடனும் அவர் மகனுடனும் இலண்டனுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர் நடத்திய 'பென்சில்வேனியா கசெட்' பத்திரிகையில் அடிமைகளை விற்பதற்கும், தப்பியோடியவரைத் தேடுவதற்குமான விளம்பரங்கள் கூலிக்கு அச்சாகின. இத்தனைக்கும் அவருடைய ஏட்டில் நீதிக்கு ஒரு வரி இருந்தது. பிறர்க்குத் தீங்கு செய்யாமையும், செய்யவேண்டிய நன்மையைச் செய்யாது விடாமையுமே நீதி என்று அவர் இலக்கணம் வகுத்திருந்தார். ஆனால் 'பிறர்' என்ற சொல்லுக்குள் அவர் வீட்டுச் சமையற்கட்டில் நின்ற மனிதர் அன்று அடங்கவில்லை.

அச்சுத் தொழிலாளியாதலால், தம் வாழ்க்கைத் தவறுகளை அவர் அச்சுப்பிழைகள் என்றே சுயசரிதையிற் குறிப்பிடுகிறார். தமையனாரை விட்டு வந்ததும், நண்பர் ஒருவரின் பணத்தைச் செலவிட்டதும், தாம் மணம் பேசிய பெண்ணைப் புறக்கணித்ததும் அப்பட்டியலில் உள்ளன. அடிமைகளை வைத்திருந்தது அதில் இல்லை. அச்சுக்கூடத்தோடு பழகியவர் ஓர் உண்மையை அறிவர்: எழுதியவனே தன் எழுத்தின் அச்சுப்படியைத் திருத்தினால், தாளில் உள்ளதை அவன் வாசிப்பதில்லை, தன் மனத்தில் உள்ளதையே வாசிக்கிறான். பிழை தப்பிவிடுகிறது. வேறு கண்கள் வேண்டும்.

அவ்வேறு கண்கள் அவருக்கு அருகிலேயே இருந்தன. அடிமை வைத்திருப்போரைக் கடுமையாகக் கண்டித்துப் பெஞ்சமின் லே என்னும் குவேக்கர் எழுதிய நூல் 1737 இல் வெளிவந்தது; அதனை அச்சிட்டவர் பிராங்கிளினே. நூலில் அச்சிட்டவர் பெயர் இல்லை. எழுத்து எழுத்தாகத் தம் அச்சுக்கூடத்திற் கோக்கப்பட்ட கண்டனம் தம் வீட்டு வாயிலுக்குள் நுழைய அவர் விடவில்லை. 1751 இல் குடித்தொகைப் பெருக்கம் பற்றி எழுதிய கட்டுரையில், அடிமைகள் இயல்பினாலேயே திருடர்கள் என்று பொருள்படவும் எழுதினார்.

பின்னர் மாற்றம் மெல்ல மெல்ல வந்தது. டாக்டர் பிரே என்பாரின் பெயரால் இங்கிலாந்தில் இயங்கிய கழகம், பிலடெல்பியாவிற் கறுப்பினச் சிறுவர்க்கு ஒரு பள்ளியை 1758 இல் ஏற்படுத்தியது. அதற்குப் பிராங்கிளினின் ஆலோசனையும் துணைநின்றது. 1763 இல் அவர் நேரிற் சென்று மாணவர் படிப்பதைக் கண்டார். அவர்களின் விளக்கமும் நினைவாற்றலும் வெள்ளையர் பிள்ளைகளுடையவற்றுக்குச் சற்றும் குறைந்தனவல்ல என்றும், முன்னெப்போதையும்விட உயர்ந்த மதிப்பு தமக்கு ஏற்பட்டுள்ளது என்றும் கடிதத்தில் எழுதினார். 1751 ஆம் ஆண்டுக் கட்டுரை 1769 இல் மீண்டும் அச்சானபோது ஒரு சிறு திருத்தம் இடம்பெற்றது: அடிமைகள் திருடுவது அவர்களின் இயல்பினால் என்பது நீங்கி, அடிமைத்தனத்தின் இயல்பினால் என்றாயிற்று. அவர் வாழ்நாளிற் செய்த அச்சுத் திருத்தங்களுள் இதுவே தலையாயது எனலாம். குற்றம் மனிதர் மேலிருந்து நீங்கி, அவர்களைப் பிணித்த அமைப்பின் மேற் சென்று சேர்ந்தது.

1787 இல் அவர் பென்சில்வேனியா அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானார். 1790 பெப்ரவரியில், அடிமை நிலையை ஒழிக்குமாறு ஐக்கிய அமெரிக்கக் காங்கிரசுக்கு அச்சங்கம் அனுப்பிய விண்ணப்பத்திற் கையொப்பமிட்டார். காங்கிரசு இணங்கவில்லை. அவ்வாண்டு ஏப்ரல் 17 ஆம் நாள், தமது எண்பத்து நான்காம் வயதில் அவர் காலமானார். ஐக்கிய அமெரிக்காவில் அடிமை நிலை சட்டத்தால் ஒழிந்தது 1865 இலேயே. லேயின் நூலை அச்சிட்டதற்கும் சங்கத்தின் தலைமையை ஏற்றதற்கும் இடையில் ஐம்பது ஆண்டுகள் கழிந்தன. தாமதத்துக்கு விலை கொடுத்தவர் அவரல்லர். பீற்றரும் கிங்கும் அவர் போன்றோருமே.

வள்ளுவர் வைத்த முறை

திருக்குறளிற் குற்றங்கடிதல் நாற்பத்து நான்காம் அதிகாரம்; அதனை அடுத்து நிற்பது பெரியாரைத் துணைக்கோடல். தன் குற்றத்தைத் தானே கடிந்துகொள்ளுமாறு கூறிய வாயால், இடித்துரைக்க வல்லாரைத் துணையாகக் கொள்ளவும் வள்ளுவர் உடனே கூறுகிறார். இவ்விரண்டு அதிகாரங்களையும் தனித்தனியே மனனஞ் செய்யும் நாம், அவை அடுத்தடுத்து நிற்பதன் பொருளை எண்ணுவது குறைவு. முதலாவது பிராங்கிளினின் ஏடு. இரண்டாவது அவருடைய குவேக்கர் நண்பர்.

ஆகவே நாட்குறிப்பைக் கைவிட வேண்டும் என்பது நம் கருத்தன்று. எழுதுக, காலையும் மாலையும் உள்ளத்தை வினவுக, வாரத்துக்கு ஒரு குறையெனக் களைக. பிராங்கிளின் காட்டிய அவ்வழி இன்றும் நல்வழியே. ஆனால் ஏட்டில் நெடுநாளாகப் புள்ளியே விழாத வரியொன்று இருப்பின், அதைக் கண்டு மகிழுமுன், அவ்வரியைப் பற்றி வேறொருவரிடம் கேட்டுப் பார்த்தல் வேண்டும். கேட்கத்தக்கவர் நம்மைப் புகழும் நண்பர் மட்டுமல்லர். நமக்குக் கீழிருந்து உழைப்போர், நம்முன் வாய்திறக்க அஞ்சுவோர், நம் சொல்லாற் பயனடைவதும் புண்படுவதுமாகிய மாணவர் ஆகியோரும் அவருள் அடங்குவர். ஆசிரியன் தன் பொறுமைக்குத் தானே புள்ளி இட்டுக்கொள்ளலாம். அப்புள்ளி சரியா என்பதைக் கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளை அறியும்.

1727 இல் பிராங்கிளின் நண்பர் சிலருடன் அமைத்த 'ஜுண்டோ' என்னும் கழகம் வெள்ளிக்கிழமை மாலைகளிற் கூடி விவாதித்தது. அங்கே பிறர் கருத்தை முகத்திலடித்தாற்போல் மறுப்பவர் சிறு அபராதம் செலுத்தவேண்டும். நம் ஊர்களிலுள்ள வாசகர் வட்டங்களும் மாணவர் மன்றங்களும் அத்தகைய விதியொன்றைச் செய்துகொண்டால், உண்மையைச் சொல்வோர்க்கும் துணிவு பிறக்கும்; கேட்போர்க்கும் பொறுமை வளரும். கேட்டதை அன்றிரவே ஏட்டில் எழுதிவைப்பவன், மறுநாள் அதற்கென ஒரு புதிய வரியைக் கோடிட்டுக்கொள்ளலாம்.