ஸ்கேன் எடுத்த கையோடு

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில், சூப்பர் மார்க்கெட்டுகளின் கார் நிறுத்துமிடங்களில் 2018 கடைசியிலிருந்து ஒரு நீளமான வண்டி வந்து நிற்கத் தொடங்கியது. உள்ளே சி.டி. ஸ்கேன் இயந்திரம். புகைப்பவர்கள், முன்பு புகைத்தவர்கள் என்று 55 முதல் 80 வயதுக்குட்பட்டவர்களுக்கு வீட்டுக்கே கடிதம் போட்டார்கள். அவர்களில் நுரையீரல் புற்றுநோய் அபாயம் அதிகம் உள்ளவர்களைத் தேர்ந்தெடுத்து வரச் சொன்னார்கள். மேசையில் படுத்து, கைகளைத் தலைக்கு மேலே தூக்கி, மூச்சை இழுத்துப் பிடித்தால் சில விநாடிகளில் வேலை முடிந்துவிடும். வழக்கமான சி.டி.யைவிடக் கதிர்வீச்சு வெகுவாகக் குறைவு.

இன்னும் புகையை விடாதவர் என்றால் உடனே படியிறங்கிப் போய்விட முடியாது. புகைப்பழக்கத்தை நிறுத்த உதவும் ஆலோசகர் ஒருவர் அங்கேயே உட்கார்ந்திருப்பார். இத்தகைய சந்திப்புகளில் வழக்கமாக ஒரு சின்னக் கருவியைக் கையில் கொடுப்பார்கள். மூச்சை 15 விநாடி அடக்கி, குழாயில் மெதுவாக ஊத வேண்டும். மூச்சில் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு என்று திரையில் எண் வரும். பத்துக்குக் கீழே இருந்தால் புகைக்காதவர் என்பது பல காலமாகப் புழங்கும் கணக்கு. நாள் முழுக்க ஊதித் தள்ளுபவருக்கு இருபது, முப்பது என்று காட்டும். புற்றுநோய் அபாயம் இறங்க வருடக்கணக்காகும். இந்த எண்ணோ, சிகரெட்டைத் தொடாமல் இரண்டு நாள் தாக்குப்பிடித்தாலே இறங்கிவிடும். நிறுத்தியவருக்கு உடம்பு முதலில் கொடுக்கும் ரசீது இதுதான்.

புற்றுநோயைத் தேடும் இடத்தில் இந்த ஏற்பாடு எதற்கு? காரணம் கணக்கிலேயே இருக்கிறது. நுரையீரல் புற்றுநோய் பெரும்பாலும் முற்றும்வரை வலியோ தொந்தரவோ கொடுக்காது. அறிகுறி வந்தபின் மருத்துவரிடம் போனால் அறுவைசிகிச்சைக்கான காலம் பெரும்பாலும் தாண்டியிருக்கும். அதனால் அறிகுறிக்கு முன்பே தேடலாமா என்று அமெரிக்காவில் 53,454 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு ஆண்டுக்கொரு முறை குறைந்த கதிர்வீச்சு சி.டி., பாதிப் பேருக்குச் சாதாரண எக்ஸ்ரே, இப்படி மூன்று சுற்று. 2011இல் முடிவு வந்தது. சி.டி. குழுவில் நுரையீரல் புற்றுநோய்ச் சாவு 20 சதவீதம் குறைவு. நெதர்லாந்தும் பெல்ஜியமும் சேர்ந்து நடத்திய நெல்சன் ஆய்வு, ஆண்களிடம் 24 சதவீதம் குறைந்ததாக 2020இல் சொன்னது. அதன்பிறகு ஸ்கேனைப் பற்றி யாரும் சந்தேகமாகப் பேசவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் பேச்சின் திசை மாறியது.

அமெரிக்க ஆய்வில் சேர்ந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் அப்போதும் புகைத்துக்கொண்டிருந்தவர்கள். அதே தரவுகளை வேறொரு குழு 2016இல் மறுபடி அலசியது. ஏழு வருடம் புகைக்காமல் இருந்தவருக்குக் கிடைத்த பலன், ஸ்கேன் தந்த 20 சதவீதப் பலனுக்குச் சமமாக இருந்தது. ஸ்கேனும் எடுத்து, 15 வருடம் புகையையும் தொடாதவர்களிடம் சாவு 38 சதவீதம் குறைந்தது. கோடிக்கணக்கில் செலவாகும் இயந்திரம் தரும் பலனை, சிகரெட்டைக் கீழே போடுவதும் தருகிறது. இரண்டும் சேர்ந்தால் ஏறக்குறைய இரட்டிப்பு. ஸ்கேன் மேசை வரை வந்துவிட்ட ஆளை அந்த இரண்டாவது பலன் இல்லாமல் திருப்பி அனுப்புவது பெரிய வீண்.

ஸ்கேன் எடுத்த பயத்திலேயே விட்டுவிடமாட்டாரா? இதைத்தான் ஆராய்ச்சியாளர்களும் முதலில் நம்பினார்கள். கிடைத்த விடைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வில், ஸ்கேனுக்கு அழைக்கப்பட்டவர்களில் 15 சதவீதம் பேரும் அழைக்கப்படாதவர்களில் 10 சதவீதம் பேரும் இரண்டு வருடத்துக்குள் நிறுத்தியிருந்தார்கள். நெல்சன் ஆய்வின் ஒரு பகுதியில் இது தலைகீழ். ஸ்கேன் எடுத்தவர்களில் 14.5 சதவீதமும் எடுக்காதவர்களில் 19.1 சதவீதமும் நிறுத்தியிருந்தனர். பதில் அனுப்பாதவர்களையும் சேர்த்துக் கணக்குப் போட்டபோது அந்த வித்தியாசம் நிற்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சந்தேகப்படும்படி ஏதாவது தெரிந்தவர்கள் மட்டும் கூடுதலாக விடுகிறார்கள் என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருகிறது.

சுத்தமான ரிப்போர்ட்டில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. "நாற்பது வருஷமா ஊதியாச்சு, மிஷினே ஒண்ணும் இல்லேன்னு சொல்லிடுச்சு" என்று ஒருவர் டீக்கடையில் பெருமையடிப்பதைக் கற்பனை செய்யச் சிரமப்பட வேண்டியதில்லை. ஆனால் ஸ்கேன் சொல்வது இன்றைய நிலையை மட்டும்தான். நாளைக்கு அது பொறுப்பல்ல. மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் அது காவல் இல்லை. இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. அமெரிக்க ஆய்வில் சந்தேகத்துக்குரியவை என்று வந்த முடிவுகளில் 96 சதவீதத்துக்கும் மேல் கடைசியில் புற்றுநோய் இல்லை. வீணாகப் பயந்தவர், "இதுவும் அப்படித்தான்" என்று அடுத்த எச்சரிக்கையை ஒதுக்கிவிடவும் கூடும்.

லீட்ஸ் வண்டிக்குத் திரும்புவோம். நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் ரேச்சல் முர்ரே தலைமையிலான குழு அங்கே ஒரு புத்திசாலித்தனமான சோதனை செய்தது. வண்டியில் ஆலோசகரைப் பார்த்துத் தொடர் உதவிக்குச் சம்மதித்தவர்களில் ஆயிரம் பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான ஆலோசனையும் மருந்தும். மறு பாதிக்கு அவற்றோடு ஒரு கையேடு. அதில் அவரவர் ஸ்கேனிலிருந்தே எடுத்த படங்கள்: இதயத் தமனியில் வெள்ளையாகப் படிந்த சுண்ணாம்பு, நுரையீரலில் காற்றறைகள் சிதைந்து கறுப்பு ஓட்டைகளாகத் தெரியும் எம்ஃபசீமா. யாரோ ஒருவருடைய கெட்டுப்போன நுரையீரல் இல்லை, உன்னுடையதே.

கேட்கும்போதே இது பலிக்கும் என்று தோன்றுகிறது, இல்லையா? படம் காட்டிப் பயமுறுத்துவதில் நமக்கும் அபார நம்பிக்கை. சிகரெட் பெட்டியில் 85 சதவீதப் பரப்புக்குப் படம் போடுகிறோம். தியேட்டரில் கதாநாயகன் வருவதற்கு முன்பே புற்றுநோய் வந்துவிடுகிறது. லீட்ஸில் மூன்றாவது மாதம் மூச்சுக் கருவியில் ஊதச் சொல்லிப் பார்த்தார்கள். படம் பெற்ற குழுவில் நிறுத்தியவர்கள் ஏறத்தாழ 34 சதவீதம், பெறாத குழுவில் 30 சதவீதம். தற்செயலாகவே வரக்கூடிய வித்தியாசம். ஒரு வருடம் கழித்து இரண்டு குழுவும் 29 சதவீதத்தை ஒட்டி வந்து நின்றன.

படம் தோற்றது என்று இதைச் சொல்லலாம். எனக்கு அந்த 29 சதவீதம்தான் பெரிதாகப் படுகிறது. யாருடைய துணையும் இல்லாமல் தானாக விட முயல்பவர்களில் ஆறு மாதம், ஒரு வருடம் தாண்டுபவர்கள் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர். இங்கே உதவிக்குச் சம்மதித்தவர்களில் பத்துக்கு மூன்று பேர். வண்டியில் ஆள் இருந்தார், அன்றைக்கே மருந்து கிடைத்தது, பிறகும் தொடர்ந்து கவனித்தார்கள். ஆனால் லீட்ஸில் இரு குழுவுக்கும் உதவி கிடைத்ததால், உதவியின் பங்கு எவ்வளவு என்று அந்த ஆய்வை வைத்து மட்டும் அடித்துச் சொல்ல முடியாது.

அதைச் சொன்னது அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரிலுள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையம். ஸ்கேனுக்குத் தகுதியான 630 புகைப்பவர்களை மூன்றாகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்கு மாநில அரசின் தொலைபேசி உதவி எண்ணும் நிக்கோடின் பட்டை போன்ற மாற்று மருந்தும் மட்டும். இரண்டாவதில் உதவி எண்ணோடு ஸ்கேன் பிரிவு மருத்துவரும் மருந்து எழுதிக் கொடுப்பார். மூன்றாவது குழுவைப் புகைப்பழக்க சிகிச்சைக்கென்றே பயிற்சி பெற்ற தனிக் குழு கையில் எடுத்துக்கொண்டது. ஆலோசனை, மருந்து, தொடர் கவனிப்பு எல்லாம் ஓரிடத்தில். 2025இல் வெளியான முடிவின்படி மூன்றாவது மாதத்தில் நிறுத்தியிருந்தவர்கள் முதல் குழுவில் 25 சதவீதம், இரண்டாவதில் 27, மூன்றாவதில் 37. ஆறாவது மாதத்தில் முதல் குழு இருபதுக்கு இறங்கியது. மூன்றாவது 32இல் நின்றது. எண்ணைக் கையில் கொடுத்து "போன் பண்ணிப் பாருங்க" என்பதற்கும், ஆளைக் கையோடு அழைத்துப் போவதற்கும் உள்ள தூரம் அது.

மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இதை மனவுறுதி விவகாரமாகவே நாம் பார்க்கிறோம். இழுத்த புகையின் நிக்கோடின் பத்து, இருபது விநாடிக்குள் மூளைக்குப் போகிறது. அங்கே சில ஏற்பிகளில் உட்கார்ந்து, டோபமைன் என்ற சுகம் தரும் ரசாயனத்தைச் சுரக்க வைக்கிறது. வருடக்கணக்கில் புகைப்பவர் மூளையில் அந்த ஏற்பிகள் பெருகிக் கிடக்கும். அவை காலியாக இருந்தால் எரிச்சல், தூக்கமின்மை, எதிலும் மனம் ஒட்டாமை. நிக்கோடின் பட்டை சீராகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து அந்தத் தவிப்பை ஆற்றும். வாரெனிக்லின் என்ற மாத்திரை வேறு ரகம். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்தவர் போல அதே ஏற்பியில் போய் உட்கார்ந்துகொள்ளும். டோபமைனைப் பாதியளவுக்கு அதுவே கிளப்பிவிடுவதால் தவிப்பு அடங்கும். பின்னால் வரும் நிக்கோடினுக்கு இடம் இருக்காது, புகைத்தாலும் சுகம் வராது. அதனால்தான் நிறுத்தும் தேதிக்கு ஒரு வாரம் முன்பே இதை ஆரம்பித்துப் பன்னிரண்டு வாரம் கொடுக்கிறார்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து இது.

ஸ்கேனுக்கு வருபவர்கள் அறுபதை ஒட்டியவர்கள். "இனிமே விட்டு என்ன ஆகப்போவுது" என்பது அவர்களின் வாயில் முதலில் வரும் வாக்கியம். பதிலை ஆய்வாளர்கள் ரிச்சர்ட் டாலும் ரிச்சர்ட் பீட்டோவும் எப்போதோ கொடுத்துவிட்டார்கள். பிரிட்டன் மருத்துவர்களை ஐம்பது வருடம் தொடர்ந்து கவனித்து 2004இல் வெளியிட்ட ஆய்வில், 30 வயதில் விட்டவருக்கு ஏறத்தாழ 10 வருடமும், 60 வயதில் விட்டவருக்கு 3 வருடமும் ஆயுள் கூடியது. நோய் வந்த பிறகுகூட முடிந்துபோவதில்லை. ரஷ்யாவில் ஆரம்பநிலை நுரையீரல் புற்றுநோய் கண்டறியப்பட்ட 517 பேரைப் பின்தொடர்ந்தார்கள். அதன் பிறகு சிகரெட்டை நிறுத்தியவர்கள் சராசரியாக 6.6 வருடமும், நிறுத்தாதவர்கள் 4.8 வருடமும் உயிரோடிருந்தார்கள்.

வருபவருக்கு இன்னொரு தயக்கமும் உண்டு: திட்டுவார்களோ என்பது. குற்றவாளிக் கூண்டில் ஏறும் மனநிலையில் வருபவரிடம், "இன்னுமா விடல?" என்று ஆரம்பித்தால் அடுத்த வருடம் அவர் ஸ்கேனுக்கே வரமாட்டார். அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீடு, ஸ்கேனுக்குப் பணம் தர வேண்டுமானால் புகைப்பதை விடுவது பற்றிப் பேசியிருக்க வேண்டும் என்று 2015இல் விதி போட்டது. பேசினேன் என்று ஒரு பெட்டியில் டிக் அடிப்பது எந்த ஊர் மருத்துவமனைக்கும் கடினமில்லை. ஹூஸ்டன் ஆய்வு அளந்து காட்டியது அதைத் தாண்டிய உழைப்பை.

நம் நாட்டில் அரசின் நுரையீரல் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் எதுவும் இல்லை. அதை அப்படியே இங்கே கொண்டுவருவதும் லேசல்ல. பழைய காசநோய் ஆறி விட்டுப்போன தழும்புகள் சி.டி.யில் சந்தேக முடிச்சுகளாகத் தெரியும். அப்படிப்பட்ட மார்புகள் இங்கே ஏராளம். ஆனால் மார்பைப் படம்பிடிக்கும் தருணம் நம்மிடமும் இருக்கிறது. காசநோய்க்காகக் கையடக்க எக்ஸ்ரே கருவியோடு முகாம்கள் நடக்கின்றன. அங்கே சட்டையைக் கழற்றி நிற்பவர்களில் பீடி குடிப்பவர்கள் எத்தனையோ பேர். புகை காசநோய்க்கும் துணைபோகும் சமாசாரம்தான். எக்ஸ்ரே எடுப்பவருக்குப் பக்கத்தில் ஓர் ஆலோசகரை உட்கார வைக்க லீட்ஸ் வண்டி தேவையில்லை, ஒரு நாற்காலியும் சம்பளமும் போதும்.

அதுவரை இருப்பது 1800-11-2356 என்ற தேசிய இலவச எண். தென்னிந்திய மொழிகளுக்கான பிரிவு பெங்களூரு நிம்ஹான்ஸில் இயங்குகிறது; தமிழில் பேசலாம். ஹூஸ்டன் கணக்குப்படி இது மூன்றில் மிகச் சிறிய உதவி, ஆனால் தன்னந்தனியாக முட்டிமோதுவதைவிட மேல். இந்த எண்ணை 2018 முதல் சிகரெட் பெட்டியில் அச்சிடுகிறார்கள். பெட்டிக்கடையில் உதிரியாக ஒன்று வாங்கி, தொங்கும் கயிற்றுக் கங்கில் பற்றவைத்துக்கொண்டு போகிறவர் அந்தப் பெட்டியைப் பார்ப்பதே இல்லை.