அந்தப் பதில் பிள்ளையுடையது

திருநெல்வேலிச் சீமையில் சிஎஸ்ஐ சபையார் சர்ச் என்று சொல்வது குறைவு, கோயில்தான். அப்படி ஒரு கோயிலுக்குச் சென்ற ஆண்டு திடப்படுத்தல் ஆராதனைக்குப் போயிருந்தேன், உறவுக்காரப் பையன் ஒருவனுக்காக. முன்வரிசைகளில் முப்பது பிள்ளைகள். பையன்கள் வெள்ளைச் சட்டை. பெண்பிள்ளைகள் வெள்ளைச் சேலை. கட்டிப் பழக்கமில்லாததால் ஆளுக்கு ஆறு ஊக்கு. பேராயர் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கிறார், பிள்ளைகள் பதில் சொல்கிறார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு முன் பெஞ்சில் இருந்த ஓர் அம்மாவை. ஒவ்வொரு கேள்விக்கும் மகன் வாயைத் திறப்பதற்கு முன்பே அவருடைய உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. பதில் மட்டும் வந்துகொண்டே இருந்தது.

அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் இதே கோயிலில், இதே கேள்விகளுக்கு, கைக்குழந்தையாக இருந்த மகனுக்காகப் பெரியவர்கள்தானே பதில் சொன்னார்கள்? குழந்தை ஞானஸ்நானம் என்பதே அதுதான். பெற்றோரும் ஞானப்பெற்றோரும் பிள்ளையின் பேரால் வாக்குக் கொடுக்கிறார்கள். பிள்ளை வளர்ந்து பதினைந்து, பதினாறு வயதில் அந்த வாக்கைத் தன் வாயால் சொல்லி ஏற்றுக்கொள்வதற்குத்தான் திடப்படுத்தல். அம்மாவின் உதடு பழைய பொறுப்பை இன்னும் விடவில்லை.

கத்தோலிக்கரிடம் இதற்குப் பெயர் உறுதிபூசுதல். அங்கே ஒரு விதி உண்டு. பலர் கவனித்திருக்க மாட்டார்கள். 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டப்படி, பிள்ளைக்கு ஞானப்பெற்றோராக நிற்பவர் 16 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும், உறுதிபூசுதல் பெற்றவராக இருக்க வேண்டும். அதோடு, அந்தப் பிள்ளையின் தகப்பனாகவோ தாயாகவோ இருக்கக் கூடாது. பெந்தெகொஸ்தே சபைகளோ ஒருபடி மேலே போய்க் கைக்குழந்தைக்கு ஞானஸ்நானமே கொடுப்பதில்லை. பிரதிஷ்டை ஜெபத்தோடு சரி. பிள்ளை வளர்ந்து, தானாக முடிவெடுத்து, ஆற்றிலோ தொட்டியிலோ இறங்க வேண்டும்.

ஆயிரம் விஷயத்தில் ஒத்துப்போகாத சபைகள் இந்த ஒன்றில் ஒத்துப்போகின்றன: பிள்ளையின் வாழ்க்கையில் ஒரு நாள் வரும், அன்று பெற்றவர்கள் பதில் சொல்லக் கூடாது. சடங்கில் இதை அழகாக வைத்திருக்கிறோம். வீட்டுக்கு வந்ததும் மறந்துவிடுகிறோம்.

அன்று இரவே பார்க்கலாம். எட்டரை மணிக்குக் குடும்ப ஜெபம். காலையில் பேராயர் கை வைத்த தலை இப்போது போர்வைக்குள். “ஏல, எந்திச்சு வா.” ஒரு பாட்டு, ஆளுக்கொரு வசனம், பிறகு அப்பாவின் ஜெபம். பாதி வழியில் ஜெபம் திசை திரும்பும். “ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்குப் படிப்பிலே கவனத்தைத் தாரும். கண்ட கண்ட சிநேகிதத்திலேயிருந்து விலக்கிக் காத்தருளும். ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் போனைப் பார்க்கிற காரியத்தை நீர் அறிவீர்...” ஆண்டவர் அறிவார், அப்பாவின் குரலுக்குப் பக்கத்து வீட்டுக்காரரும் அறிவார். அப்பா நேராகத் திட்டினால் எதிர்த்து ஒரு வார்த்தை பேசலாம். கண்ணை மூடி ஆண்டவரிடம் பேசிக்கொண்டிருக்கும் மனுஷரிடம் எப்படி வாதாடுவது? போதாதற்குக் கடைசியில் ஆமென் வேறு சொல்ல வேண்டும்.

கேட்கச் சிரிப்பாக இருக்கும். இப்படி ஐந்தாறு வருஷம் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு ஜெபம் என்றால் என்னவென்று பதிந்திருக்கும் என்பதை யோசித்தால் சிரிப்பு வராது.

அப்பாக்களுக்கு இது என்றால் அம்மாக்களுக்கு ஜெபக்குறிப்பு. கல்லூரியில் பாடம் நடத்தும் நாகர்கோவில் பெண் ஒருவர் சொன்னது: பிளஸ் டூ படிக்கும்போது டியூஷனில் கூடப் படித்த பையனைப் பிடித்திருந்தது. அதை அம்மாவிடம்தான் முதலில் சொன்னார், யாரிடமும் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டு. அம்மாவும் யாரிடமும் ‘சொல்லவில்லை’. பெண்கள் ஐக்கியச் சங்கக் கூட்டத்தில் “எம் பிள்ளைக்காக ஜெபிச்சுக்கோங்க, சின்ன வயசு, ஒரு தடுமாற்றம்” என்று ஜெபக்குறிப்பாகக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் ஐயரம்மா, அதாவது போதகரின் மனைவி, இந்தப் பெண்ணின் கையைப் பிடித்து, “நாங்க எல்லாரும் ஜெபிக்கோம் பிள்ளே” என்றார். அவருக்குப் பின்னால் நின்ற நான்கு பெண்களும் தலையசைத்தார்கள்.

“அம்மா நல்ல மனசோடதான் சொன்னா. எனக்குத் தெரியும்” என்றார் அவர். “ஆனா அதுக்கப்புறம் நான் அவகிட்ட எதுவுமே சொன்னதில்ல. கல்யாணம் ஆன பிறகும்.”

விடலைப் பருவத்துப் பிள்ளை வீட்டில் வாயைத் திறப்பதே அபூர்வம். திறந்த ஒரு தடவையும் இப்படி ஆகிவிட்டால், அந்தக் கதவு அதன் பிறகு திறப்பது கடினம். பிள்ளையின் ரகசியத்தை ஆண்டவரிடம் சொல்லலாம், தப்பில்லை. சங்கத்தில் சொல்வதற்குப் பிள்ளையிடம் அனுமதி கேட்க வேண்டும். இதற்கு வேத ஆராய்ச்சி ஒன்றும் தேவையில்லை, மரியாதை போதும்.

வேதம் என்று வந்ததால் ஒன்று. பெற்றோருக்குக் கீழ்ப்படியச் சொல்லும் எபேசியர் ஆறாம் அதிகாரத் தொடக்கம் நம் பிள்ளைகளுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும். விடுமுறை வேதாகமப் பள்ளியிலிருந்தே மனப்பாடம். அதே பத்தியில் நாலாம் வசனம் இருக்கிறது. தகப்பன்மார் பிள்ளைகளுக்குக் கோபமூட்டக் கூடாது என்று பவுல் அதில் எச்சரிக்கிறார். கொலோசெயருக்கு எழுதும்போது காரணமும் சொல்கிறார்: பிள்ளைகள் மனம் சோர்ந்துபோவார்கள். இந்த வசனத்தை யாரும் வசனப் போட்டியில் வைத்து நான் பார்த்ததில்லை. வைத்தால் அப்பாக்களுக்குத்தான் வைக்க வேண்டும்.

பிள்ளை வளர்ப்புக்குக் கெட்ட குமாரன் உவமையைத்தான் எல்லாரும் எடுக்கிறார்கள். வளர்ந்த பிள்ளை உள்ள வீடுகள் படிக்க வேண்டியது தாவீது, அப்சலோம் கதை என்பேன். சாமுவேலின் இரண்டாம் புத்தகம், 13, 14 அதிகாரங்கள். அண்ணன் அம்னோனைக் கொன்றுவிட்டு அப்சலோம் கேசூருக்கு ஓடிப்போகிறான். மூன்று வருஷம். தகப்பனுக்கு உள்ளூர ஏக்கம். தாவீதின் படைத்தலைவன் யோவாப் தந்திரம் பண்ணி மகனை எருசலேமுக்கு வரவழைக்கிறான். வந்த மகனிடம் தாவீது போட்ட நிபந்தனையைப் பாருங்கள்: தன் வீட்டில் இருக்கட்டும், என் முகத்தில் விழிக்க வேண்டாம். ஒரே ஊரில் இரண்டு வருஷம், மகன் தகப்பன் முகத்தைப் பார்க்கவில்லை. தூது போகச் சொல்லி யோவாபை அப்சலோம் இரண்டு தடவை கூப்பிட்டு அனுப்பினான், யோவாப் வரவில்லை. அப்புறம் அப்சலோம் செய்தது யோவாபின் வாற்கோதுமை வயலுக்குத் தீ வைத்தது. உடனே யோவாப் ஓடி வந்தான், ராஜாவிடம் பேசினான், ராஜா மகனைக் கூப்பிட்டு முத்தமிட்டார். ஆனால் நேரம் கடந்துவிட்டது. அடுத்த அதிகாரத்தில் மகன் தகப்பனுக்கு எதிராகக் கலகத்தைத் தொடங்குகிறான். அவன் செத்த செய்தி வந்தபோது வாசலின் மேல்வீட்டில் தாவீது அழுத அழுகையைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள்.

நம் வீடுகளிலும் இது நடக்கிறது. பையன் அரியர் வைத்துவிட்டான், சிகரெட் பிடித்து மாட்டிக்கொண்டான். வீட்டைவிட்டு யாரும் துரத்துவதில்லை. சோறு போடுவார்கள், ஃபீஸ் கட்டுவார்கள். அப்பா மட்டும் அவனிடம் நேராகப் பேச மாட்டார். “உன் மவன்கிட்ட சொல்லு, வண்டியைத் துடைச்சு வைக்கச் சொல்லு” என்று எல்லாம் அம்மா வழியாகத்தான். மாதக்கணக்கில் ஓடும். பிறகு ஒரு நாள் பையன் எதற்கோ வெடிப்பான். “சாட்சி கெட்டுப்போச்சு” என்று வீடே புலம்பும். எரிந்த வயலைப் பற்றித்தான் பேச்சு. அதற்கு முந்தைய இரண்டு வருஷத்தை யாரும் எண்ணுவதில்லை.

இன்னொரு வகைப் பிள்ளைகள் இருக்கிறார்கள்: பொருத்தனைப் பிள்ளைகள். நீண்ட நாள் குழந்தையில்லாமல் பிறந்தவர்கள், அல்லது மூளைக்காய்ச்சலில் பிழைத்தவர்கள். “ஒன்னை ஊழியத்துக்குன்னு ஒப்புக்கொடுத்திருக்கு” என்று நினைவு தெரிந்த நாள் முதல் கேட்டு வளர்பவர்கள். அன்னாள் சாமுவேலை ஒப்புக்கொடுத்த கதையைத்தான் முன்மாதிரியாகக் காட்டுவார்கள். சாமுவேல் தன் பெயர் சொல்லிக் கூப்பிட்ட சத்தத்தைத் தானே கேட்டான் என்பதைக் கதை சொல்பவர்கள் வேகமாகக் கடந்துவிடுவார்கள்.

வேலூர் ஐடா ஸ்கடரின் கதை தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளுக்குப் புதிதல்ல. 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். தாத்தா ஜான் ஸ்கடர் அமெரிக்காவிலிருந்து வந்த மருத்துவ மிஷனரி. அவருடைய மகன்கள் ஏழு பேரும் மிஷனரிகள். இப்படிப்பட்ட வீட்டுப் பெண், தான் மிஷனரி ஆவதில்லை என்பதில் உறுதியாக இருந்தார். அமெரிக்காவில் பள்ளிப்படிப்பை முடித்துவிட்டுத் திண்டிவனத்துக்கு வந்தது உடம்பு சரியில்லாத அம்மாவைக் கவனித்துக்கொள்ளத்தான். அங்கே ஒரே இரவில் மூன்று ஆண்கள், ஒருவர்பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். மூவர் மனைவிக்கும் பேறுகால வேதனை. டாக்டரான அப்பாவை அழைத்துப்போகச் சொன்னால், ஆண் வைத்தியர் தொடக் கூடாது என்று போய்விட்டார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். ஐடா மருத்துவம் படிக்கப் போனார். 1899-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம். 1900-இல் திரும்பி வந்தார். 1918-இல் வேலூரில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. ஏழு மிஷனரிகளின் பரம்பரைப் பெருமையால் ஆகாத காரியம், அவர் காதில் நேராக விழுந்த மூன்று தட்டலால் ஆனது.

பிளஸ் டூ முடிந்து சென்னைக்கோ கோவைக்கோ ஹாஸ்டலுக்குப் போன பிறகு நடப்பது வேறு நாடகம். ஞாயிறு மதியம் சரியாக ஒரு மணிக்குப் போன். “கோயிலுக்குப் போனியா?” “போனேன்.” “என்ன பிரசங்கம்?” இந்த இரண்டாவது கேள்விக்காகவே ஏதாவது ஒரு சபையின் நேரலையை யூடியூபில் இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்த்து வைத்துக்கொள்ளும் மாணவர்களை எனக்குத் தெரியும். ஒரு பையன் அறை நண்பர்கள் மூவருக்கும் சேர்த்துக் குறிப்பெடுத்துக் கொடுப்பான். அதில் ஒருவன் கத்தோலிக்கன், அவனுக்குத் தனிக் குறிப்பு. பக்தியை வளர்க்கக் கேட்ட கேள்வி பொய்யை வளர்த்திருக்கிறது. உண்மையாகவே போகிற பிள்ளைகளுக்கும் நிம்மதியில்லை. கீர்த்தனையும் பாமாலையும் கேட்டு வளர்ந்தவன் கிட்டார், டிரம்ஸ் உள்ள ஆங்கில ஆராதனைக்குப் போனால், “நம்ம சபையை விட்டுட்டியா?” என்று அம்மாவுக்கு அழுகை.

போப் பிரான்சிஸ் 2016-இல் வெளியிட்ட குடும்பம் பற்றிய மடலில், ‘அமோரிஸ் லெட்டீசியா’ என்று பெயர், பிள்ளை வளர்ப்புக்கென்றே ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார். பிள்ளை எந்த இடத்தில் இருக்கிறான் என்பதையே நொடிக்கு நொடி துரத்திக்கொண்டிருப்பதால் பிள்ளை வளராது, அவன் மனசு எங்கே நிற்கிறது என்று பெற்றோருக்குத் தெரியுமா என்பதே விஷயம் என்பது அதன் சாரம். பிள்ளையின் போனில் இருப்பிடம் காட்டும் செயலியை ஏற்றி வைத்திருப்பவர்கள், எந்தச் சபையாராக இருந்தாலும், இதைப் படிக்கலாம்.

கல்யாணப் பேச்சைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் எழுதியவன் ஆவேன். “தேவ சித்தத்துக்காகக் காத்திருக்கிறோம்” என்பார்கள். பெண்ணோ பையனோ வேறு சாதிக் கிறிஸ்தவரைக் காட்டினால் தேவ சித்தம் உடனே தெளிவாகிவிடும், வேண்டாம் என்று. ஒரே பாத்திரத்தில் நற்கருணை வாங்குகிறவர்கள் சம்பந்தம் மட்டும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். நம் பிள்ளைகள் விசுவாசத்தை விட்டு விலக சினிமாவும் இன்ஸ்டாகிராமும் காரணம் என்கிறோம். இதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அப்படியானால் பிள்ளையை அவன் போக்கில் விட்டுவிடுவதா என்று கேட்பார்கள். லூக்கா இரண்டாம் அதிகாரத்தில் பன்னிரண்டு வயது இயேசு எருசலேமில் தங்கிவிடுகிறார். சொந்தக்காரர் கூட்டத்தில் இருப்பார் என்று நினைத்துப் பெற்றோர் ஒரு நாள் பயணம் வந்துவிடுகிறார்கள். கண்டுபிடிக்க மூன்று நாள். மரியாள் கடிந்துதான் கேட்கிறார். வந்த பதில் அவர்களுக்குப் புரியவில்லை என்று லூக்கா மறைக்காமல் எழுதுகிறார். ஆனாலும் பிள்ளை நாசரேத்துக்குத் திரும்பி வந்து அவர்களுக்குக் கீழ்ப்பட்டிருந்தது. தாய் புரியாததை மனதில் வைத்துக்கொண்டார். தேடவும் வேண்டும், கேட்கவும் வேண்டும், ராத்திரி பதினொரு மணிக்குப் போனை ஹாலில் வைத்துவிடச் சொல்லவும் வேண்டும். அப்பாவும் தன் போனை அங்கேயே வைத்தால் பேச்சில்லாமல் நடக்கும். பதினான்கு வயதில் பஸ் காசைக் கணக்கு வைக்கச் சொல்லிக் கொடுத்தவர்கள் பதினெட்டில் ஏடிஎம் கார்டைக் கொடுக்கலாம். கொடுத்த பிறகு ஸ்டேட்மென்ட் கேட்கக் கூடாது.

இதை வாசிப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் பிள்ளையின் ஞானஸ்நானத்தில் ஞானப்பெற்றோராக நின்றவர்கள் யார்? அநேகமாக ஒரு சித்தப்பா, ஓர் அத்தை, அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர். அன்றைக்கு வெள்ளி அரைஞாண் கொடுத்து, பிரியாணி சாப்பிட்டுப் போனவர்கள். அவர்களுடைய நம்பரைத் தேடிப் பிடித்துப் பிள்ளையின் போனில் பதிந்து கொடுங்கள். எப்போதாவது பேசட்டும். என்ன பேசினார்கள் என்று கேட்காதீர்கள்.